‘நெட் வரலை’ என்றால் எதுவரை வரவில்லை? ஒரு செய்தியின் பாதையில் படிப்படியாக நடப்போம்

‘நெட் வரலை’ என்று யாராவது வந்து சொன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ‘எதுவரைக்கும் வருது?’

பள்ளிக் கணினி ஆய்வகம் ஒன்றைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே வரும் பிள்ளைகளுக்கும், வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிடும் அக்கம்பக்கத்தாருக்கும் இந்தக் கேள்வி முதலில் விளங்காது. குழாய்த் தண்ணீர் போல இணையமும் வரும், இல்லையென்றால் வராது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் கணினிக்கும் எங்கோ இருந்துகொண்டு நீங்கள் கேட்டதை அனுப்பும் கணினியான சர்வருக்கும் நடுவில் பத்துப் பதினைந்து கைமாற்றங்கள் நடக்கின்றன. அவற்றில் எந்தக் கையில் செய்தி நின்றுபோனது என்று தெரிந்தால்தான் அதைச் சரிசெய்ய முடியும்.

அந்தப் பாதையை வீட்டுக்குள்ளிருந்து தொடங்கி வெளியே நடந்து பார்ப்போம். ஒவ்வோர் இடத்திலும் என்ன நடக்கிறது, அதை எப்படிச் சோதிப்பது என்பதைச் சேர்த்தே சொல்கிறேன். விண்டோஸ் கணினி பக்கத்தில் இருந்தால், கட்டளைகளைத் தட்டும் சாளரமான கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும், எழுத்துக்கூட்டித் தருகிறேன்.

புறப்படும் முன்: ஒரு ‘வணக்கம்’ எவ்வளவு பெரியது?

நண்பருக்கு ‘வணக்கம்’ என்று அனுப்புகிறீர்கள். கணினிக்குத் தெரிந்தவை 0, 1 என்ற இரண்டு நிலைகள் மட்டும். அப்படிப்பட்ட ஓர் இலக்கம் ஒரு பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். யூனிகோடில் ‘வணக்கம்’ ஏழு குறிகளாக எழுதப்படுகிறது: வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. இணையத்தில் பெரும்பாலும் பயன்படும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். ஆக மொத்தம் 21 பைட், அதாவது 168 பிட்.

இதை அப்படியே கம்பியில் விட்டால் எங்கே போவது என்று அதற்குத் தெரியாது. அதனால் மேலே உறைகள் ஏறுகின்றன. டிசிபி என்ற நெறிமுறை (கணினிகள் பேசிக்கொள்ளும் விதிமுறை) 20 பைட் சேர்க்கிறது: எந்தச் செயலிக்கு உரியது, எத்தனையாவது துண்டு என்ற விவரம் அதில் இருக்கும். அதன் மேல் ஐபி இன்னொரு 20 பைட்: அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி. அதற்கும் மேல் ஈதர்நெட் முன்னால் 14 பைட்டும் பின்னால் 4 பைட்டும் சேர்க்கும். அந்தக் கடைசி 4 பைட், வழியில் ஏதாவது பிட் கெட்டுவிட்டதா என்று சரிபார்ப்பதற்கு. 21 பைட் சரக்குக்கு 58 பைட் கட்டு! நிஜத்தில், பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்கமும் சேர்வதால் கட்டு இன்னும் பெருக்கும்.

இந்த உறைகளில் ஒன்றை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியுறையான ஈதர்நெட், அடுத்த கை வரைக்கும்தான். அங்கே அதைப் பிரித்துவிட்டு, அதற்கடுத்த கைக்கு வேறு உறை போடுவார்கள். உள்ளே இருக்கும் ஐபி உறைதான் கடைசி ஊர் வரை போகிறது. மதுரையிலிருந்து காசிக்குப் போகும் கடிதம் வழியில் எத்தனை தபால் பைகளில் மாறினாலும் மேலே எழுதிய முகவரி மாறாதது போல.

பெரிய சரக்கு என்றால்? ஈதர்நெட் உறை ஒன்று வழக்கமாக 1,500 பைட் வரைதான் கொள்ளும். ஆகவே 3 மெகாபைட் புகைப்படம் ஒன்று ஏறத்தாழ 2,000 பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. 1960-களில் அமெரிக்காவில் பால் பேரனும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியே இந்த யோசனைக்கு வந்தார்கள். ‘பாக்கெட்’ என்று பெயர் வைத்தவர் டேவிஸ். பழைய தொலைபேசியில் இருவர் பேசினால், பேசாமல் மௌனமாக இருக்கும் நேரத்திலும் வழி முழுவதும் அவர்களுக்கே. பொட்டலமாக்கிவிட்டால் ஒரே கம்பியை ஆயிரம் பேர் பங்குபோட்டுக்கொள்ளலாம். 1969 அக்டோபர் 29 இரவு, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் கலிஃபோர்னியாவின் இரண்டு கணினிகளுக்கு இடையே முதல் செய்தி போனது. ‘லாகின்’ என்று அனுப்ப நினைத்தார்கள். எல், ஓ என்ற இரண்டு எழுத்து போனதும் மறுமுனைக் கணினி செயலிழந்துவிட்டது.

படி 1: ஒளியும் கம்பியும்

வெளியிலிருந்து வரும் ஃபைபர், வீட்டில் ஒரு சின்னப் பெட்டியில் முடியும். மோடம் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். ஒளியை மின் துடிப்பாக மாற்றுவது அதன் வேலை. அதன் விளக்குகளைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். ‘எல்ஓஎஸ்’ என்ற விளக்கு சிவப்பாக இருந்தாலோ மினுக்கினாலோ ஒளியே வந்து சேரவில்லை. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, கேபிள் ஆள் வர வேண்டியதுதான். ‘பான்’ விளக்கு நிலையாக எரிந்தால், மறுமுனை நிலையத்தோடு பெட்டி கைகுலுக்கிவிட்டது.

ஃபைபரைச் சுவர் மூலையில் ஒடித்து மடக்கிக் கிளிப் அடித்திருப்பதை நிறைய வீடுகளில் பார்க்கிறேன். கண்ணாடி இழைக்குள் ஒளி, சுவரில் பட்டுப் பட்டு உள்பக்கமே திரும்புவதால்தான் பயணம் செய்கிறது. கூர்மையாக வளைத்தால் அந்த இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். அகலமான வளைவாக விடுங்கள். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவே கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

அப்புறம் நீலமோ சாம்பலோ நிறத்தில் இருக்கும் லேன் கேபிள். உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். முறுக்கு அழகுக்கு இல்லை: வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஒரு ஜோடியின் இரண்டு கம்பியையும் ஒரே அளவு பாதிக்கும், மறுமுனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரைச்சல் ஒழிந்துவிடும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். 1,000 மெகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். அந்தக் கூடுதல் இரண்டு ஜோடியில் ஒரு கம்பி உடைந்தால் கேபிள் செத்துப்போகாமல், சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடுவது அதனால்தான். 300 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு 95-ஐத் தாண்டாமல் தவிப்பவர்கள் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

வேகக் கணக்கில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் வருகிறது. நிறுவனம் சொல்வது மெகாபிட், கோப்பு இறங்கும்போது திரை காட்டுவது மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும். 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12 மெகாபைட் வந்தால் யாரும் உங்களை ஏமாற்றவில்லை.

வைஃபையைப் பற்றி ஒரே விஷயம் சொல்கிறேன்: காற்று எல்லோருக்கும் பொது. ஒரு சேனலில் (அலைவரிசையில்) ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், பக்கத்து வீட்டு ரவுட்டர் (வைஃபை தரும், பொட்டலங்களுக்கு வழிகாட்டும் பெட்டி) உட்பட. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலையில்தான் இயங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டத் திணறும். சோதனை எளிது. ரவுட்டர் பக்கத்தில் போய் நின்று பாருங்கள், முடிந்தால் கேபிளில் இணைத்துப் பாருங்கள். அங்கே நன்றாக இருந்தால் கோளாறு காற்றில்.

படி 2: வீட்டுக்குள் ஒரு முகவரி

கம்பி சரி. இப்போது கமாண்ட் பிராம்ப்ட்டில் ஐ-பி-சி-ஓ-என்-எஃப்-ஐ-ஜி என்று தட்டி என்டர் அழுத்துங்கள். ஐபிவி4 முகவரி என்ற வரியைப் பாருங்கள். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால், ரவுட்டர் உங்களுக்கு முகவரி கொடுத்திருக்கிறது. கணினி விழித்ததும் ‘யாராவது எனக்கு ஒரு முகவரி தாருங்கள்’ என்று பொதுவாகக் கூவும். ரவுட்டர் கையிருப்பிலிருந்து ஒன்றைக் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்குக் கொடுக்கும். இதற்கு டிஎச்சிபி என்று பெயர். 169.254 என்று தொடங்கினால், கூவிப் பார்த்து, யாரும் பதில் சொல்லாததால் கணினி தானாகவே ஒரு முகவரியை வைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் தொல்லை உங்கள் கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில்தான்.

ஐபி முகவரி இடத்துக்கு இடம் மாறும். நெட்வொர்க் கார்டில் பொறித்த 48 பிட் மேக் முகவரி ஒன்றும் உண்டு. வெளியுறையில் எழுதுவது அதைத்தான். ‘192.168.1.1 யார்?’ என்று உங்கள் கணினி வீடு முழுக்கக் கேட்கும், ரவுட்டர் தன் மேக் முகவரியைச் சொல்லும். நடுவில் பல கேபிள்களை இணைக்கும் சுவிட்ச் என்ற பெட்டி இருந்தால், அது இதையெல்லாம் கவனித்து, எந்த மேக் எந்தத் துளையில் இருக்கிறது என்று பட்டியல் போட்டுக்கொள்ளும். எல்லோரையும் பார்த்துக் கேட்கும் கேள்வியை மட்டும், வந்த துளையைத் தவிர எல்லாத் துளைகளிலும் அனுப்பும்.

இந்தக் கடைசி வாக்கியத்தின் விலையை நான் ஒரு முழுக் காலை கொடுத்துக் கற்றேன். ஆய்வகத்தில் முப்பது கணினியும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. முகவரி இல்லை, பக்கத்துக் கணினிகூடத் தெரியவில்லை, சுவிட்சின் விளக்குகள் மட்டும் வெறிபிடித்த மாதிரி மினுக்கின. இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டேன். அவர்கள் பக்கம் எல்லாம் சரி என்றார்கள், சரியாகத்தான் இருந்தது. கடைசியில் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றியபோதுதான் கிடைத்தது. தொங்கிக்கொண்டிருந்த ஒரு கேபிள் முனையை, தரையைக் கூட்டும்போது யாரோ நல்லெண்ணத்தில் காலியான துளையில் செருகியிருக்கிறார்கள். அதன் மறுமுனையும் அதே சுவிட்சில்! ஒரு கேள்வி ஒரு துளையில் வெளியே போய் இன்னொரு துளையில் உள்ளே வந்து, மறுபடி எல்லாத் துளைகளிலும் போய், இப்படி முடிவில்லாமல் பெருகியிருக்கிறது. ஈதர்நெட் உறையில் ‘போதும், நில்’ என்று சொல்ல எந்தக் குறியும் கிடையாது. 1985-இல் ரேடியா பெர்ல்மன் என்ற பொறியாளர் இப்படிப்பட்ட சுற்றைத் தானே கண்டுபிடித்து அடைக்கும் முறையை உருவாக்கினார். விலை கூடிய சுவிட்சுகளில் அது இருக்கும், நம் கடைகளில் கிடைக்கும் மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலும் இருக்காது. முகவரி போய்விட்டது, விளக்குகள் எல்லாம் ஒன்றாக மினுக்குகின்றன என்றால் முதலில் கேபிளின் இரண்டு முனைகளையும் தேடுங்கள்.

படி 3: வாசல் வரை போகிறதா?

எனக்கு ஒரே ஒரு சோதனைதான் அனுமதி என்றால் இதைத்தான் செய்வேன். முந்தைய கட்டளை காட்டிய பட்டியலில் ‘டிஃபால்ட் கேட்வே’ என்று ஒரு முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 போல. அதுதான் உங்கள் ரவுட்டர், வீட்டின் வாசல். பி-ஐ-என்-ஜி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த முகவரியைத் தட்டுங்கள். ‘இருக்கிறாயா?’ என்று ஒரு சின்னப் பொட்டலம் போய், ‘இருக்கிறேன்’ என்று திரும்பும். அதற்கு எடுத்த நேரம் மில்லிசெகண்டில் (நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தெரியும். 1983-இல் மைக் மூஸ் எழுதிய சின்ன நிரல் இது.

கேபிளில் ஒரு மில்லிசெகண்டுக்குக் குறைவாகவும் வைஃபையில் சில மில்லிசெகண்டாகவும் வர வேண்டும். 3, 180, 5, 420 என்று தாறுமாறாக ஏறி இறங்கினாலோ, ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ என்று நடுநடுவே வந்தாலோ வீடியோ அழைப்பு உடைவதற்குக் காரணம் உங்கள் வீட்டுக்குள்தான். கட்டளையின் கடைசியில் கழித்தல் குறியும் டி என்ற எழுத்தும் சேர்த்தால், நீங்கள் நிறுத்தும்வரை ஓடும். அதை ஓடவிட்டபடி மடிக்கணினியோடு அறை அறையாக நடந்து பாருங்கள். வைஃபை எந்தச் சுவருக்குப் பின்னால் சாகிறது என்று கண்ணெதிரே தெரியும்.

படி 4: வாசலைத் தாண்டி

இப்போது 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் செய்யுங்கள். கூகுள் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் சர்வர் அது. பதில் வந்தால் உங்கள் பொட்டலம் வெளியுலகைத் தொட்டுத் திரும்பியிருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். 192.168 என்ற முகவரி உங்கள் வீட்டிலும் இருக்கிறது, எங்கள் ஆய்வகத்திலும் இருக்கிறது. பதில் எப்படிச் சரியான வீட்டுக்குத் திரும்புகிறது? ஐபிவி4 முகவரி 32 பிட். மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தான், உலக மக்கள்தொகைக்கே போதாது. பங்கிட்டுக் கொடுக்கும் மைய இருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் வீட்டுக்குள் எல்லோரும் உள்முகவரி வைத்துக்கொள்ள, ரவுட்டர் வாசலில் நின்று அனுப்புநர் முகவரியைத் தன் பொதுமுகவரியாக மாற்றி எழுதி, எது யாருடையது என்று ஒரு குறிப்பேட்டில் வைத்துக்கொள்கிறது. ஐபி உறையில் எழுதிய முகவரி மாறாது என்று சொன்னேனே, அதற்கு விதிவிலக்கு இதுதான்.

பல நிறுவனங்கள் இப்போது நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால் நீங்களும் அப்படித்தான். வெளியூரிலிருந்து வீட்டு கேமராவை நேரடியாகத் திறக்க முடியாமல் போவது பெரும்பாலும் இதனால். நிரந்தரத் தீர்வு 128 பிட் முகவரி கொண்ட ஐபிவி6. நிறுவனம் கொடுத்தால் ரவுட்டரில் அதை முடக்கி வைக்காதீர்கள்.

படி 5: பெயர்

8.8.8.8 பதில் சொல்கிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. இது நிறையப் பேரைக் குழப்பும் இடம். சாலை நன்றாக இருக்கிறது, விலாசப் புத்தகம் தொலைந்துவிட்டது.

பொட்டலத்துக்கு எண் முகவரிதான் தெரியும். நாம் தட்டும் பெயரை எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ். ஆரம்பத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே கோப்பில் இருந்தது; ஒவ்வொருவரும் அதை நகலெடுத்து வைத்துக்கொள்வார்கள். நெட்வொர்க் வளர வளர அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் அதைக் கிளை கிளையாகப் பிரித்தார். வேர் சர்வர்களுக்குக் கடைசிச் சொல் மட்டும் தெரியும்: ‘காம்’ என்றால் இவரைக் கேள், ‘இன்’ என்றால் அவரைக் கேள். அந்தக் கடைசிச் சொல் இப்போது தமிழிலும் இருக்கலாம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றுக்கும் தமிழெழுத்திலேயே முடியும் முகவரிகள் உண்டு. உள்ளே அவை ஆங்கில எழுத்து வரிசையாக மாற்றப்பட்டுத்தான் பயணம் செய்கின்றன. ஆனாலும் திரையில் நம் எழுத்தைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

சோதனை: என்-எஸ்-எல்-ஓ-ஓ-கே-யு-பி என்று தட்டி, இடைவெளி விட்டு, ஏதாவது தளத்தின் பெயரைக் கொடுங்கள். எண் வந்தால் சரி. வராவிட்டால், அதே வரியின் கடைசியில் இன்னோர் இடைவெளி விட்டு 1.1.1.1 (இதுவும் பொதுமக்களுக்கான ஒரு டிஎன்எஸ் சர்வர்) என்று சேர்த்துத் திரும்பக் கேளுங்கள். இப்போது வந்தால் உங்கள் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரில் கோளாறு. ரவுட்டர் அமைப்பில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று எழுதிவிட்டால் வேலை நடக்கும்.

படி 6: நெடுவழி

டி-ஆர்-ஏ-சி-இ-ஆர்-டி என்று தட்டித் தளத்தின் பெயரைக் கொடுத்தால், போகும் வழியில் உள்ள ரவுட்டர்கள் வரிசையாகத் தோன்றும். ஒவ்வோர் ஐபி உறையிலும் ஓர் ஆயுள் எண் இருக்கிறது. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யமானால் பொட்டலத்தை எறிந்துவிட்டு, ‘என்னிடம் வந்து இறந்தது’ என்று அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். எங்கள் ஆய்வகத்தைப் படுக்க வைத்த முடிவில்லாச் சுற்று பெரிய இணையத்தில் நடக்காமல் காப்பது இந்த ஓர் எண். நம் கட்டளை அதையே கருவியாக்குகிறது: ஆயுள் 1 என்று ஒன்று, 2 என்று ஒன்று, 3 என்று ஒன்று அனுப்பி, யார் யார் தகவல் சொல்கிறார்கள் என்று பார்க்கிறது. நடுவில் நட்சத்திரக் குறிகள் வந்தால் பயப்பட வேண்டாம். சில ரவுட்டர்கள் பதில் சொல்வதில்லை. கடைசி வரி வந்து சேர்ந்தால் போதும்.

நேரங்களைக் கவனியுங்கள், தூரம் தெரியும். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-இல் போட்ட ஐ2ஐ கடலடிக் கேபிள் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். போய்த் திரும்ப 32 மில்லிசெகண்ட், எவ்வளவு பணம் கட்டினாலும் அந்த வழியில் அதற்குக் கீழே வராது. வேகம் என்று நாம் சொல்லும் மெகாபிட் வேறு, இந்தத் தாமதம் வேறு. அந்தமான் தீவுகள் 2020 ஆகஸ்ட் வரை செயற்கைக்கோளை நம்பியிருந்தன. 36,000 கிலோமீட்டர் மேலே போய்க் கீழே வந்து, பதில் அதே வழியில் திரும்பக் கிட்டத்தட்ட அரை நொடி. சென்னையிலிருந்து போட்ட கேபிள் மொத்தமே 2,300 கிலோமீட்டர்தான். அதன் நீளம் முழுவதும் போய்த் திரும்பினால்கூட 23 மில்லிசெகண்ட். தொலைபேசியில் இருவரும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிப் பேசும் சங்கடம் தீர இந்த வித்தியாசம் போதும்.

படி 7: இரண்டு முனைகளின் ஒப்பந்தம்

இணையம் ‘கண்டிப்பாகச் சேர்ப்பேன்’ என்று எந்தப் பொட்டலத்துக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. தொலைந்தால் தொலைந்ததுதான். திரும்பக் கேட்டு வாங்கி, வரிசைப்படுத்துவது இரண்டு முனையிலும் இருக்கும் டிசிபியின் பொறுப்பு. விண்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-இல் வெளியிட்ட இந்த யோசனைக்கு அர்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று மாறியது. நேரலைப் பேச்சுக்கு மட்டும் இந்தப் பொறுமை உதவாது. தொலைந்த சொல் இரண்டு நொடி கழித்து வந்து என்ன பயன்? அதற்கு யுடிபி என்ற இலேசான முறை. அழைப்பில் குரல் உடைந்தாலும் பேச்சு முன்னே போய்க்கொண்டிருப்பது அதனால்தான்.

டிசிபிக்கு அடக்கம் வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, வெறும் 400 கஜ தூரத்தில், வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. நெரிசலில் பொட்டலங்கள் தொலைய, எல்லாக் கணினிகளும் திரும்பத் திரும்ப அனுப்ப, நெரிசல் இன்னும் கூடியது. வான் ஜேகப்சன் கொண்டுவந்த மாற்றம் எளிமையானது: பொட்டலம் தொலைந்தால் உன் வேகத்தைக் குறை, பிறகு மெல்ல ஏறு. இன்றும் உங்கள் கணினி அந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பதால்தான் கோடிக்கணக்கானோர் ஒரே வழியில் போக முடிகிறது.

எல்லாப் படியும் சரி, ஒரு தளம் மட்டும் ‘பாதுகாப்பற்றது’ என்று எச்சரிக்கிறதா? கணினியின் தேதியைப் பாருங்கள். தளம் தன்னை அடையாளம் காட்டும் சான்றிதழுக்கு ஆரம்ப நாளும் முடிவு நாளும் உண்டு. மதர்போர்டு பேட்டரி செத்துத் தேதி பின்னால் போயிருந்தால் நல்ல சான்றிதழையும் பிரவுசர் ஏற்காது. தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால் அந்தத் தளத்தில் கடவுச்சொல் எதுவும் கொடுக்க வேண்டாம்.

நிறுவனத்தைக் கூப்பிடும்போது

‘நெட் ஸ்லோவா இருக்கு’ என்று சொன்னால் ‘ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்ற பதில்தான் வரும். எல்ஓஎஸ் விளக்கு எப்படி இருக்கிறது, கேபிளில் இணைத்து ரவுட்டருக்குப் பிங் எவ்வளவு, 8.8.8.8-க்கு எவ்வளவு, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று நான்கையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். புகாரின் எண்ணையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆய்வகத்திலிருந்து ஓடி வந்தாள். ‘சார், ரவுட்டர் வரைக்கும் ஒரு மில்லிசெகண்ட்ல போகுது, எட்டு எட்டு எட்டு எட்டுக்குப் போகலை, மோடத்துல சிவப்பு லைட் மினுக்குது’ என்றாள். நான் எழுந்து போய்ப் பார்க்கவே இல்லை. நேராகப் போனை எடுத்தேன்.